மறைந்திருக்கும் நீர்

ஈரான் நாட்டின் யஸ்து நகரில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை 60 மில்லிமீட்டரை ஒட்டியதே. அருகில் பேராறு எதுவும் இல்லை. எனினும் அங்கே தோட்டங்கள் தழைத்தன. பள்ளிவாசல்களும் கடைவீதிகளும் எழுந்தன. அந்நகரை வாழவைத்த நீர் கண்ணுக்குப் புலப்படாமல் மண்ணுக்கடியில் இருந்தது.

நிலத்தடி நீர் என்றதும் பாதாளத்தில் ஓர் ஏரி கிடப்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. ஷீர்கூஹ் போன்ற மலைகளில் பெய்யும் பனியும் மழையும் அடிவாரத்துச் சரளை மண்ணில் ஊறி இறங்குகின்றன. நீர்புகாத களிமண்ணோ பாறையோ எதிர்ப்படும்போது அந்நீர் அதன்மேல் தங்கி, மணலுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளை நிரப்புகிறது. வெயிலுக்கு எட்டாததால் அது வற்றுவதும் குறைவு.

அந்நீரை வெளிக்கொணரப் பாரசீகர் கண்ட வழியே 'கனாத்'. மலையடிவாரத்தில் தாய்க்கிணறு தோண்டி, அதிலிருந்து ஊர்வரை மெல்லச் சரியும் சுரங்கம் ஒன்றை அமைத்தனர். இடையிடையே செங்குத்தான துளைகள் இட்டு மண்ணை அகற்றினர். கவலையும் ஏற்றமும் இன்றி நீர் தானே நடந்து ஊர் வந்து சேர்ந்தது. குனாபாத் நகரின் கனாத்து ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுடையது.

அல்ஜீப்ராவில் புகழ்பெற்ற அறிஞர் அல்கரஜீ, பக்தாதை விட்டு மலைநாடு திரும்பியபின், கி.பி. 1017 அளவில் 'மறைந்த நீரை வெளிக்கொணர்தல்' பற்றி அரபியில் ஒரு நூல் இயற்றினார். நீரிருப்பதைக் காட்டும் செடிகள், மட்டம் பார்க்கும் கருவிகள், சுரங்கம் தோண்டும் முறை, ஒரு கிணற்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் ஆகிய அனைத்தையும் அதில் விளக்கினார்.

அத்தூரம் சிறு செய்தியன்று. ஒருவர் தோண்டினால் அடுத்தவரின் நீர் வற்றக்கூடும். ஒன்பதாம் நூற்றாண்டில் குராஸானை ஆண்ட அப்துல்லாஹ் இப்னு தாஹிரிடம் இத்தகைய வழக்குகள் ஓயாமல் வந்தன. ஃபிக்ஹு நூல்களில் கனாத்துக்குரிய சட்டம் காணப்படாமையால், அவர் குராஸானின் சட்ட அறிஞர்களையும் இராக்கைச் சேர்ந்த சிலரையும் கூட்டி இதற்கெனத் தனி நூலே எழுதச் செய்தார் என வரலாற்றாசிரியர் கர்தீஸீ குறிப்பிடுகிறார்.

கனாத்துக்கு ஓர் இயல்பு உண்டு. நீர்மட்டம் அனுமதிக்கும் அளவே அது தரும். மட்டம் தாழ்ந்தால் ஓட்டமும் குறையும். இயந்திரக் குழாய்க்கிணறு அவ்வாறு அடங்குவதில்லை. மேலும் ஆழம் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஈரானில் அவை பெருகவே, கனாத்துகள் பல வறண்டன. சில இடங்களில் நிலமே தாழ்ந்தது. சவூதி அரேபியாவோ பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த நீரை இறைத்துக் கோதுமை விளைத்து, ஏற்றுமதியும் செய்தது. அந்நீர் மீண்டும் ஊறுவது அரிதென உணர்ந்து, 2008இல் அவ்வேளாண்மையைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தது.

2016இல் யுனெஸ்கோ ஈரானின் 11 கனாத்துகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. பெருமைதான். ஆனால் குராஸானின் அறிஞர்கள் அன்று ஆராய்ந்த வழக்கு இன்னும் முடியவில்லை. அன்று வழக்காடியவர்கள் பக்கத்து நிலத்துக்காரர்கள். நேரில் வந்து முறையிட்டார்கள். இன்று நாம் ஆழத் தோண்டுவதால் நீரை இழக்கப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவேயில்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியவர்களும் நாமே.