பழைய தரையைப் பெயர்த்தல்

வீட்டைப் புதுப்பிக்கும்போது, புதுத் தரை போடுவதற்கு முன்பு ஏற்கெனவே இருக்கும் டைல்ஸ், மொசைக், கல், சிமென்ட் பூச்சு ஆகியவற்றையும் அவற்றைப் பிடித்திருக்கும் கலவையையும் நீக்கும் வேலை. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் கொத்தனாரும் சித்தாளும் சேர்ந்து செய்யும் கூலி வேலை. பிரேக்கர் மெஷின் நாள் வாடகைக்குக் கிடைப்பதால், ஓர் அறை, ஒரு சமையலறை என்ற அளவில் வீட்டுக்காரர்களே இறங்கிச் செய்வதும் உண்டு. உடைப்பது எளிது. கீழே இருப்பதைக் கெடுக்காமல் மேலே இருப்பதை மட்டும் எடுப்பதற்கும், எடுத்ததை வெளியேற்றுவதற்கும்தான் நிதானமும் கணக்கும் வேண்டும்.

அடியில் இருப்பது

தரைத்தளத்தில் மண் நிரப்பி, மணல் பரப்பி, அதன்மேல் 1:4:8 விகிதத்தில் சிமென்ட், மணல், ஜல்லி கலந்த கான்கிரீட் போடுவது வழக்கம். அதற்கு மேல் ஒன்றரை, இரண்டு அங்குலக் கலவை. அதில்தான் டைல்ஸ் பதிந்திருக்கும். மாடியில் மண்ணுக்கும் அதன்மேல் போட்ட கான்கிரீட்டுக்கும் பதிலாக, கம்பி கட்டிய நாலரை அல்லது ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் இருக்கும். நீக்க வேண்டியவை மேலிருக்கும் இரண்டு அடுக்குகள் மட்டுமே.

எங்கே நிறுத்துவது என்பதைப் பெயரும் துண்டே காட்டிக்கொடுக்கும். பதிப்புக் கலவையில் மணல் மட்டுமே தெரியும். உளி பட்டால் பொரபொரவென்று உதிரும். கருநீல ஜல்லி தலைகாட்டி, உளி துள்ளித் திரும்பினால் கான்கிரீட்டைத் தொட்டாகிவிட்டது. மாடித் தளத்தில் கம்பி தெரியும்வரை கொத்துவது பெரிய தவறு. அந்த இடத்தைக் காற்றும் ஈரமும் தொட்டால் கம்பி துருப்பிடித்து உப்பும். பிறகு கீழ்வீட்டின் கூரைப் பூச்சு பெயர்ந்து விழும்.

பழைய வீடுகளின் மாடியில் ‘மெட்ராஸ் டெரஸ்’ இருந்தால் கதையே வேறு. தேக்கு விட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் போட்ட தளம் அது. கம்பி கிடையாது. செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கின்றன. இதில் பிரேக்கரை வைத்தால் அதிர்வில் சாந்து விட்டு, கல் கழன்று கீழே விழக்கூடும். கட்டடப் பொறியாளர் பார்க்காமல் இந்த வகை மாடித் தரையில் கை வைக்கக் கூடாது.

தரையின் வகைகள்

ஒவ்வொரு தரையும் ஒவ்வொரு விதமாகப் பெயரும். விட்ரிஃபைட் டைல்ஸ் அரை சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. அதனால் வெறும் சிமென்ட் பாலை ஊற்றி ஒட்டியிருந்தால் பிடிப்பு குறைவு. தட்டையான உளியை ஓரத்தில் செருகி நெம்பினால் இரண்டடிக்கு இரண்டடித் துண்டு முழுசாகவே எழும்பி வருவதுண்டு. கோந்து போன்ற டைல் அட்ஹெசிவில் ஒட்டியது அப்படி வராது. செராமிக் டைல்ஸ் நீரை உறிஞ்சி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சில்லு சில்லாகத்தான் உடையும். அந்தச் சில்லின் விளிம்பு கண்ணாடிபோல் கிழிக்கும்.

மிகவும் படுத்துவது மொசைக். மொசைக் கல்லே சிமென்ட் கலவையால் ஆனது என்பதால் அடிக் கலவையோடு ஒரே உடம்பாகிவிடும். அங்கேயே கலந்து போட்ட மொசைக் தரையாக இருந்தால், கட்டங்களைப் பிரிக்கும் கண்ணாடி அல்லது அலுமினியப் பட்டைகளின் ஓரமாகத் தொடங்குவது நல்லது. அங்கேதான் இணைப்பு உண்டு. ரெட் ஆக்சைடு தரையில் சிவப்பு என்பது மெல்லிய மேல்பூச்சுதான்; அதைத் தனியாக உரிக்க முடியாது. கடப்பா கல்லைக் கடப்பாரையால் நெம்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல்லைச் சம்மட்டியால் உடைப்பது வீண். காரைக்குடிப் பக்கம் கண்ணாடிமேல் சாயக் கலவை ஊற்றிக் கையால் செய்யப்படும் கல் அது. பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருந்தால், சாந்தை ஓரத்திலிருந்து சுரண்டி எடுக்க எடுக்கக் கல் சேதமின்றி வரும். கழுவி அடுக்கிவைத்தால் பூஜையறைக்கோ திண்ணைக்கோ ஆகும்.

வேலை முறை

முதலில் உளியின் பின்முனையால் தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். வெற்றுப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும் இடத்தில் கலவைக்கும் டைல்ஸுக்கும் இடையே காற்று இருக்கிறது. தொடங்கும் இடம் அதுதான். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால் வாசற்படி ஓரம்.

சுவரின் அடியில் ஓடும் டைல்ஸ் பட்டையான ஸ்கர்ட்டிங்கை நீக்கும் முன், அதன் மேல்விளிம்பை ஒட்டிக் கட்டிங் மெஷினால் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கோட்டைப் போடாமல் நெம்பினால் சுவர்ப் பூச்சும் கையோடு வரும். பிறகு பூச்சுவேலை, பட்டி, பெயிண்ட் என்று செலவு நீளும். பிரேக்கருக்குக் கூர்முனையைவிடத் தட்டையான உளி ஏற்றது. அதைச் சாய்த்துப் பிடித்து டைல்ஸுக்கு அடியில் செலுத்த வேண்டும். செங்குத்தாக நிறுத்தி அடித்தால் அடி முழுவதும் தளத்தில் இறங்கும்.

பின்னாளில் சேர்த்த மின்குழாய்களும் தண்ணீர்க் குழாய்களும் கலவைக்குள்ளேயே ஓடக்கூடும். அந்தப் பகுதியின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டே தொடங்க வேண்டும். குளியலறையை மட்டும் ஆளிடம் விட்டுவிடுவது புத்திசாலித்தனம். அங்கே தரைக்கடியில் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இருக்கும். அது கிழிந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் தெரியவரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத்தின் அனுமதியையும் வேலை நேரத்தையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

எடை

பலரும் கணக்குப் போடாத பகுதி இது. நூறு சதுர அடி அறையில் கல்லும் கலவையுமாக இரண்டரை அங்குலம் பெயர்த்தால், அதன் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. சிமென்ட் சாக்கை நிறைத்தால் ஒருவர் தூக்க முடியாது. பாதி சாக்கு, அதாவது 25 கிலோ வீதம் போட்டால் சுமார் ஐம்பது மூட்டை. லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியிலிருந்து ஐம்பது முறை இறங்குவது என்றால், பெயர்ப்பதைவிடச் சுமப்பதற்கே கூடுதல் நேரம் போகும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. வீட்டு அறையின் தளத்தை, ஆட்களும் பொருட்களுமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைப்பதே இந்தியத் தரநிலை. இடிபாட்டை அறை நடுவில் இரண்டடி உயரத்துக்குக் குவித்தால் அங்கே 800 கிலோவுக்கு மேல் ஏறும். அன்றன்றே இறக்கிவிட வேண்டும். முடியாதபோது சுவரோரமாகப் பரப்பிவைக்க வேண்டும்.

தூசு

சிமென்ட், மணல், டைல்ஸ் எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத அதன் பொடி நுரையீரலில் தங்கினால் வெளியேறாது. சிலிக்கோசிஸ் நோய்க்கு அதுவே காரணம். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1997-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். தரையை நனைத்துக்கொண்டே வேலை செய்தால் தூசு பாதியிலேயே அடங்கும். ஆனால் மின்கருவி இருக்கும் இடத்தில் தண்ணீரைத் தேங்கவிடக் கூடாது.

வெளிநாட்டில் பழைய வீடு வாங்கும் தமிழர்கள் அறிய வேண்டியது ஒன்று. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 1980-களுக்கு முன் கட்டிய வீடுகளில், ஒன்பது அங்குல வினைல் டைல்ஸிலும் அதை ஒட்டிய கரும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரிட்டன் 1999-இலும், ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும், கனடா 2018-இலும் அதைத் தடை செய்தன. ஏற்கெனவே போட்ட தரைகள் அப்படியே இருக்கின்றன. துண்டு ஒன்றை ஆய்வகத்தில் சோதிக்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது.

இடிபாடு

கட்டட இடிபாட்டைத் தெருவிலும் மழைநீர் வடிகாலிலும் கொட்டக் கூடாது, வீட்டுக் குப்பையோடும் கலக்கக் கூடாது என்பதை 2016-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதிகள் சொல்லிவிட்டன. ஆனாலும் ஏரிக்கரைகளில் மொசைக் துண்டு கிடப்பது மாறவில்லை. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குத் தயாரிக்கும் ஆலைகள் உள்ளன. மொசைக்கும் கலவையும் அக்கம்பக்கத்தில் கடைக்கால் நிரப்புவோருக்குப் பயன்படும். டைல்ஸ் சில்லுகளை மட்டும் வெறுங்கால் படும் இடத்தில் போடக் கூடாது.

பெயர்க்காமல் விடலாமா

தரை சமமாகவும் தட்டினால் எங்கும் வெற்றொலி இல்லாமலும் இருந்தால், பழைய தரைமேலேயே அட்ஹெசிவ் கொண்டு புது டைல்ஸ் ஒட்டலாம். உயரம் அரை அங்குலம் அளவே கூடும். கதவின் அடியை இழைக்க வேண்டிவரும். தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 கிலோபோலச் சுமை ஏறும். ஏற்கெனவே ஒருமுறை இப்படி மேலொட்டிய மாடித் தரைக்கு மூன்றாவது அடுக்கு வேண்டாம். தரைத்தளம் ஓதம் காத்தாலும், கரையான் வந்தாலும் பெயர்ப்பதே சரி. தரை திறந்து கிடக்கும் நாட்களிலேயே கரையான் மருந்தைச் சுவரோரத்து மண்ணுக்குச் செலுத்திவிட வேண்டும். டைல்ஸ் போட்டு முடித்த பிறகு அதையே செய்ய, சுவரோரமாக அடிக்கொரு துளை போட வேண்டியிருக்கும்.