கைக்கடிகாரமும் இடைச்செருகலும்

பொழுதை அளந்தறியும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று. நாழிகைக் கணக்கரையும் அவர்தம் நீர்க்கன்னலையும் முல்லைப்பாட்டு காட்டுகிறது. ஆயினும், பொழுதை மணிக்கட்டில் அணியும் வழக்கத்தைப் பரப்பியது இருபதாம் நூற்றாண்டே. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய கைக்கடிகாரங்களை இன்று ஆர்வலர் பலர் தேடித் தொகுக்கின்றனர். அவர்கள்முன் நிற்கும் வினா, ஏடு தேடிய பதிப்பாசிரியர்கள்முன் நின்ற வினாவே ஆகும்: எது மூலம், எது பிற்கை?

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் இந்நாட்டில் மதிப்புப் பெற்றவை ஃபாவ்ர் லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற சுவிஸ் கடிகாரங்கள். பின்னர் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் இணைந்து எச்.எம்.டி. பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிற்று. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் முதலிய பெயர்கள் இல்லந்தோறும் புகுந்தன. திருமணச் சீராகவும் முதற்சம்பளத்தின் சின்னமாகவும் கடிகாரம் விளங்கிற்று. பார்வையற்றோர் தடவிப் பொழுதறியும் பிரெயில் கடிகாரமும் அந்நிறுவனத்தின் கொடையே.

ஜனதாவுக்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். முறுக்கேறிய வில் மெல்ல நெகிழ, அதன் விசையால் உள்ளிருக்கும் சமநிலைச் சக்கரம் நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். உராய்வைக் குறைக்கும் பதினேழு கற்கள் அதன் அச்சுகளைத் தாங்கும். 1969இல் ஜப்பானின் சீக்கோ வெளியிட்ட குவார்ட்ஸ் கடிகாரம் இந்த அமைப்பை வென்றது. மின்கலத்தால் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிரும் படிகத்தின் துல்லியத்தோடு வில்லும் சக்கரமும் போட்டியிட இயலவில்லை.

சேலத்து அஸ்தம்பட்டியிலிருந்து நோக்குவோர்க்கு இம்மாற்றம் அயலூர்ச் செய்தியன்று. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்ய ஓசூரைத் தேர்ந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரியும்வரை ஓசூர் சேலம் மாவட்டத்து ஊரே. சாவி கொடுக்கும் கடிகாரத்தின் செல்வாக்கைச் சாய்த்த அலை, பழைய சேலம் மண்ணிலிருந்தும் எழுந்தது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட 2016இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. அதன்பின் பழைய கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர்.

தேவை பெருகிய இடத்தில் இடைச்செருகலும் பெருகிற்று. மங்கிய முகப்பைத் துடைத்தழித்துப் புதுவண்ணம் பூசி, பழைய பெயரை மீண்டும் எழுதி விற்கின்றனர். கூர்ந்து நோக்கின் குட்டு வெளிப்படும்: எழுத்துகள் தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களோடு இசையா, வேறொரு கடிகாரத்தின் முள் வந்து அமர்ந்திருக்கும். மாறாக, பின்மூடியின் உட்புறத்தில் பழுதுபார்த்தோர் கீறிய நுண்குறிகள், அக்கடிகாரம் யார் யார் கைகளில் உயிர்பெற்றது என்பதற்குச் சான்றாகும். ஏட்டின் இறுதியில் எழுதியோன் இட்ட குறிப்புக்கு அவை நிகர்.

எல்லா மாற்றமும் குற்றமாகா. தேய்ந்த வில்லை மாற்றுதல், செல்லரித்த ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுப்பது போன்ற காப்புப் பணியே. முகப்புக்கு வண்ணம் பூசிய தொழிலாளியும், புதுப்பொலிவு கேட்டு வந்தவரின் விருப்பத்தையே நிறைவேற்றினார். பூசியதை மறைத்து, மூலமென்று உரைக்கும் இடத்தில்தான் பொய் பிறக்கிறது.

பல ஏடுகளை ஒப்புநோக்கி உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் வழிவந்த பதிப்பு மரபு, பாடவேறுபாட்டை மறைக்காமல் குறிப்பதையே நேர்மையெனக் கொண்டது. கடிகாரம் தொகுப்போரும் எது மூல உறுப்பு, எது மாற்றியது என ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி வைத்தல் தகும். குறிப்போடு கைமாறும் கடிகாரம், நின்றுபோன பின்னும் தன் காலத்தை உண்மையாய்ச் சொல்லும்.