காஜியார் இருக்கையும் முதுகலைச் சட்டப் படிப்பும்

ஒரு வீட்டுப் பிள்ளை சட்டம் பயின்று, பட்டம் பெற்று, கறுப்பு அங்கி அணிந்துவிட்டால், அத்துடன் படிப்பு நிறைவெய்திவிட்டதாகவே நம்மவரில் பலர் கருதுகின்றனர். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழும் நம் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. வழக்காடுவதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் நம் பிள்ளைகள் அப்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துகின்றோம். அதன் காரணம் வரலாற்றில் இருக்கின்றது.

பூவிருந்தவல்லி பழமையான ஊர். 1639-இல் ஆங்கிலக் கும்பினியாருக்குச் சென்னைக் கடற்கரையில் நிலம் அளித்த தாமர்ல நாயக்கச் சகோதரர்களுள் ஒருவரான அய்யப்ப நாயக்கர் இங்குதான் இருந்தார். பின்னர் இவ்வட்டாரம் கோல்கொண்டா சுல்தான்கள், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள் எனக் கைமாறிக் கும்பினியாரிடம் சென்றது. முஸ்லிம் ஆட்சிகளில் வழக்குத் தீர்ப்பதில் காஜிகளுக்கும், மார்க்கச் சட்டம் உரைப்பதில் முஃப்திகளுக்கும் உரிய இடம் இருந்தது.

கும்பினியார் வந்ததும் அவ்விடம் உடனே பறிபோய்விடவில்லை. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் முஸ்லிம்களுக்கு அவர்தம் மார்க்கச் சட்டமே செல்லும் என்று வங்காளத்தில் 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வகுத்தார். சென்னை மாகாணத்து ஜில்லா நீதிமன்றங்களுக்கு 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அம்முறையைக் கொணர்ந்தன. தீர்ப்பளிப்பவர் ஆங்கிலேயர், சட்டம் இன்னதென்று சொல்பவர் முஃப்தி. நீதிபதி வினவுவார்; முஃப்தி ஃபத்வா எழுதித் தருவார். எல்லிஸ் துரையின் முயற்சியால் 1812-இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, மொழிகளோடு இந்து, முஸ்லிம் சட்டங்களையும் பயிற்றி நீதிமன்றங்களுக்கு ஆட்களை ஆயத்தம் செய்தது.

1864-ஆம் ஆண்டின் 11-ஆவது சட்டம் இந்த ஏற்பாட்டை முடித்து வைத்தது. முஃப்தி, பண்டிதர் ஆகிய சட்ட அலுவலர் பதவிகள் ஒழிந்தன. அரசு காஜிகளை நியமிப்பதும் நின்றது. நிக்காஹ் நடத்திவைக்க அரசு நியமித்த காஜி வேண்டும் என்ற வழக்கம் சில பகுதிகளில் வேரூன்றியிருந்தமையால், 1880-இல் காஜிகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் முதற்கண் செயற்பட்டது நம் சென்னை மாகாணத்தில்தான். ஆனால், காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதனையும் தாம் அளிக்கவில்லை என்று அச்சட்டமே தெளிவாகக் கூறிவிட்டது. நிக்காஹ் பதிவேடு நம்மிடம் வந்தது. சட்டம் இன்னதென்று உரைக்கும் இருக்கை திரும்பவில்லை.

அந்த இருக்கையில் பின்பு அமர்ந்தவை மொழிபெயர்ப்பு நூல்கள். இமாம் மர்கீனானியின் அரபு நூலாகிய ஹிதாயா பாரசீகத்திற்குப் பெயர்க்கப்பட்டது. அப்பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் 1791-இல் ஆங்கிலமாக்கினார். அதையே நீதிமன்றங்கள் கையாண்டன. அதுவோ ஹனஃபி மத்ஹபு நூல். தமிழகத்துக் கடற்கரைப் பட்டினங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர் அன்றோ? அவர்களுக்குரிய நூலாகிய இமாம் நவவியின் மின்ஹாஜை, டச்சு அறிஞர் வான் டென் பெர்க் முதலில் பிரெஞ்சில் பெயர்த்தார். அந்தப் பிரெஞ்சிலிருந்து ஹோவர்டு 1914-இல் ஆங்கிலத்தில் தந்தார். இவ்வாறு இரு மொழிகள் கடந்து வந்த சொற்களைக் கொண்டு நம் சொத்தும் சொந்தமும் நிறுக்கப்பட்டன.

இதனால் விளைந்த இழப்புக்கு ஒரு சான்று போதும். தம் சொத்தை வக்ஃபு செய்து, அதன் பயனைத் தம் சந்ததியாருக்கும், சந்ததி அற்றபின் ஏழைகளுக்கும் விடுவது முஸ்லிம்களின் நெடுங்கால வழக்கம். 1894-இல் அபுல் ஃபத்தா வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில், ஏழைகளுக்குச் சேரும் பங்கு பெயரளவுக்கே உள்ளது என்று காரணம் காட்டி, அத்தகைய வக்ஃபு செல்லாதென்று தீர்த்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி அமீர் அலி, இவ்வகை வக்ஃபு செல்லும் என்று மூல நூல்களைக் கொண்டு முன்பே வாதித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருந்தார். அது ஏற்கப்படவில்லை. ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-இல் சட்டமான பின்னரே இவ்வக்ஃபு மீண்டும் செல்லுபடியாயிற்று. அதற்கு முன் எழுதப்பட்ட வக்ஃபுகளுக்கும் அப்பாதுகாப்பு கிட்ட 1930-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு தீர்ப்பைத் திருத்த 36 ஆண்டுகள்!

திருத்தத்திற்கு வழி செய்தவர்கள் யார்? வழக்காடியதோடு நில்லாது ஆய்ந்து எழுதியவர்கள். அமீர் அலியின் நூல், 1884-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய தாகூர் சட்டச் சொற்பொழிவுகளின் விளைவு. அதே வரிசையில் 1907-இல் பேசிய அப்துர் ரஹீம், 1908 முதல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தார். நான்கு மத்ஹபுகளின் சட்டக் கோட்பாடுகளையும் ஒப்பிட்டு விளக்கும் அவருடைய நூல் 1911-இல் வெளிவந்தது. பழைய முஃப்தியின் பணியைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக இவர்கள் மீட்டெடுத்தார்கள் எனலாம்.

சென்னையிலும் இதற்கான களம் இல்லாமலில்லை. 1855-இல் மாநிலக் கல்லூரியில் சட்ட வகுப்பு தொடங்கிற்று. 1891-இல் சட்டக் கல்லூரி தனியே உருவாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சட்ட முதுகலை அந்நாளில் எம்.எல். எனப்பட்டது. 1951 முதல் பத்தாண்டுகள் அப்பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போலந்து நாட்டு அறிஞர் அலெக்சாண்ட்ரோவிச், கீழை நாட்டு மன்னர்கள் ஐரோப்பியருடன் செய்துகொண்ட பழைய உடன்படிக்கைகளை ஆராய்ந்தார். ஐரோப்பியர் அம்மன்னர்களை அன்று இறைமையுள்ள அரசர்களாகவே மதித்து நடந்தனர் என்று நிறுவும் அவருடைய நூல் 1967-இல் வந்தது. அயல்நாட்டார் ஒருவர் இங்கு வந்து நம் பழஞ்சுவடிகளிலிருந்து உலகச் சட்ட வரலாற்றையே மாற்றி எழுத முடிந்ததெனில், இம்மண்ணில் பிறந்தவர்க்கு அது இயலாததா?

இன்று வாய்ப்பு நம் வாயிலருகே வந்துள்ளது. 1997-இல் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தோன்றியபோது ஆளுநராக இருந்தவர், உச்ச நீதிமன்றத்தின் முதற் பெண் நீதிபதியாகிய ஃபாத்திமா பீவி அவர்கள். பெண்மக்களுக்குச் சட்டம் எதற்கு என்போர் இதை நினைவிற் கொள்க. பாரிமுனையில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018-இல் இரண்டாகப் பிரிந்து இடம் பெயர்ந்தது. ஒன்று திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கு வந்தது. ஆவடியிலிருந்து மேற்கே செல்லும் பாதையில் இன்று சட்டக் கல்வி நடைபெறுகின்றது.

விண்ணப்பிப்போர் சிலவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர கிளாட் என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மாநிலச் சட்டப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு தனியே வெளிவரும். எல்.எல்.எம். இரண்டாண்டுப் படிப்பாகவும் உண்டு. 2013 முதல் ஓராண்டுப் படிப்பாகவும் உண்டு. ஓராண்டுப் படிப்பை நீக்க இந்திய பார் கவுன்சில் 2020-ஆம் ஆண்டு விதிகளில் முற்பட, அது உச்ச நீதிமன்றத்தில் வழக்காயிற்று. ஆகவே, ஆசிரியப் பணியை நாடுவோர் எது எங்கே ஏற்கப்படும் என்று விசாரித்தே சேர்தல் வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-இல் அளிக்கப்பட்ட 3.5 விழுக்காடு ஒதுக்கீட்டைப் பெற, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்னி, ஷேக், சையத் முதலிய உரிய பிரிவின் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். கடைசி நாளில் தாலுகா அலுவலகத்திற்கு ஓடுவதால் பயனில்லை.

இவற்றினும் முக்கியமானது ஆய்வுப் பொருள். அரசியலமைப்பு, தொழிலாளர் சட்டம், குற்றவியல், மனித உரிமை என்று பிரிவுகள் பல உள்ளன. தொழிற்பேட்டை ஊராகிய அம்பத்தூர்ப் பிள்ளைக்குத் தொழிலாளர் சட்டம் இயல்பாகவே அமையும். எப்பிரிவில் சேரினும், பட்டத்திற்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். அதற்குரிய மூலப்பொருள் நம் ஜமாஅத்துகளிலேயே கிடக்கின்றது: பழைய வக்ஃபுப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவேடுகள், பஞ்சாயத்து முடிவுகள், பாகப் பிரிவினை ஆவணங்கள். செல்லரித்துப் போகும் முன் அவற்றைப் படித்தெழுத ஆள் வேண்டும். 2025-இல் வக்ஃபு திருத்தச் சட்டம் வந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அதன் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையால் நிறுத்திவைத்தது. அவ்வழக்கில் எழுந்த வினாக்களுள் நீண்ட காலப் பயன்பாட்டினால் வக்ஃபாகும் உடைமை பற்றியதும் ஒன்று. பத்திரம் எங்கே, பதிவு எங்கே என்ற கேள்விக்கு மேடைப் பேச்சு விடையாகாது. ஆவணமும் ஆய்வுமே விடையாகும்.

1864-இல் பறிபோன இருக்கையை எந்த அரசும் நமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. அதைக் கல்வியால் மட்டுமே நாம் அடைய இயலும். பட்டம் பெற்ற பிள்ளையிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், மேலும் இரண்டாண்டு படிக்க உனக்கு விருப்பமா என்று பெற்றோர் கேட்கட்டும். கட்டணத்திற்குத் தயங்கும் பிள்ளைக்கு ஜமாஅத் கை கொடுக்கட்டும். நம் சட்டத்தை மூலத்திலிருந்தே ஓதி உரைக்கும் ஒரு தலைமுறை, இன்ஷா அல்லாஹ், இப்புறநகர்களிலிருந்தும் எழும்.