லிச்சிப் பழமா, வெறும் வயிறா? முசாஃபர்பூர் குழந்தைகளின் மூளையைத் தாக்கியது எது?

கோடை வந்தால் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றத் தொடங்கிவிடும்: "லிச்சிப் பழம் விஷம், குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்." உங்களுக்கும் வந்திருக்கலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றக்கூடிய விஷயம் அதில் விடுபட்டுப் போன மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

முசாஃபர்பூரில் என்ன நடந்தது?

பிகார் மாநிலத்தின் முசாஃபர்பூர் மாவட்டம் லிச்சிக்குப் பேர்போனது. அங்கு விளையும் ஷாஹி லிச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதே மாவட்டத்தில் 1995 முதல், மே, ஜூன் மாதங்களில் சிறு குழந்தைகளை ஒரு மர்ம நோய் தாக்கிவந்தது. இரவு நன்றாக விளையாடிவிட்டுப் படுத்த குழந்தைக்கு விடியற்காலையில் திடீரென வலிப்பு வரும், பிறகு நினைவு தப்பும். பலருக்குக் காய்ச்சல்கூட இருக்காது. மழை தொடங்கியதும் நோய் நின்றுவிடும். ஊர் மக்கள் இதற்கு வைத்த பெயர் 'சம்கி காய்ச்சல்'.

2014 மே 26 முதல் ஜூலை 17 வரை மட்டும் இரண்டு மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 122 பேர் இறந்தனர். அதாவது 31 சதவீதம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலம் ஆனது?

பெயரே ஒரு சிக்கல். அரசு ஆவணங்களில் இது 'ஏ.இ.எஸ்.', அதாவது அக்யூட் என்சஃபலைடிஸ் சிண்ட்ரோம். உண்மையில் இது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சலோடு வலிப்போ குழப்பமோ வந்தால், காரணம் எதுவானாலும் எல்லாவற்றையும் போட்டுவைக்கும் பெட்டி. 'என்சஃபலைடிஸ்' என்றால் மூளை அழற்சி. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எல்லோரும் வைரஸைத்தான் தேடினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், பூச்சிக்கொல்லி, வெப்ப அலை என்று சந்தேகப் பட்டியல் நீண்டது.

ஆனால் டேட்டா வேறு கதை சொன்னது. 2014-ல் 62 குழந்தைகளின் தண்டுவட நீரைப் பரிசோதித்ததில் 52 பேருக்கு வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே இருந்தது. தொற்றால் மூளை வீங்கியிருந்தால் பொதுவாக அது கூடியிருக்கும். இன்னொரு பக்கம், ரத்த சர்க்கரை பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே கிடந்தது.

இதை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றி ஓய்வுபெற்ற வைராலஜிஸ்ட் டி.ஜேக்கப் ஜான். வாழ்நாள் முழுக்க வைரஸ்களை ஆராய்ந்தவரே, "இது வைரஸ் அல்ல, சர்க்கரை வீழ்ச்சியால் வரும் மூளைப் பாதிப்பு" என்ற கருத்தை சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து முன்வைத்தார்.

லிச்சி எங்கே வருகிறது?

ஜமைக்காவின் தேசியப் பழமான அக்கியைப் பழுக்காமல் சாப்பிட்டால் வாந்தி, வலிப்பு, மரணம் வரை போகும் என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். அதற்குக் காரணம் அதிலுள்ள ஹைப்போகிளைசின் ஏ. லிச்சியும் அதே குடும்பத் தாவரம். நம் ஊர் பூந்திக்கொட்டையும் அப்படித்தான். லிச்சியில் ஹைப்போகிளைசினும், அதன் உறவுக்கார வேதிப்பொருளான எம்.சி.பி.ஜி.யும் இருக்கின்றன.

இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் சி.டி.சி.யும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2017-ல் 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. நோயுற்ற 73 குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் இந்த நச்சுகளின் எச்சங்கள் இருந்தன. ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்ட 15 குழந்தைகளில் ஒருவரிடம்கூட இல்லை. வைரஸ் உள்ளிட்ட தொற்றுகளுக்கோ, வேறு நச்சுகளுக்கோ சான்று கிடைக்கவில்லை.

சிம்பிளா சொன்னால், உடலுக்குள் என்ன நடக்கிறது?

உங்கள் வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாப்பாட்டிலிருந்து வரும் குளுக்கோஸ்தான் மெயின் லைன். சாப்பிடாத நேரத்தில் கல்லீரல் சேமித்துவைத்த கிளைக்கோஜன்தான் இன்வெர்ட்டர். அதுவும் தீர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கும், அந்த ஆற்றலைக் கொண்டு புது குளுக்கோஸ் தயாரிக்கும். அது ஜெனரேட்டர்.

மெலிந்த, ஊட்டச்சத்து குறைந்த குழந்தைக்கு இன்வெர்ட்டர் மிகச் சிறியது. இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கினால் விடிவதற்குள் அது காலி. அப்போது ஜெனரேட்டர் ஓட வேண்டும். லிச்சியிலுள்ள நச்சு சரியாக அந்த ஜெனரேட்டரைத்தான் நிறுத்துகிறது. குளுக்கோஸும் இல்லை, கொழுப்பிலிருந்து வரும் மாற்று எரிபொருளும் இல்லை.

மூளையின் எடை உடலில் வெறும் 2 சதவீதம்தான். ஆனால் ஓய்வில் இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. சிறு குழந்தைகளிடம் இந்தப் பங்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே எரிபொருள் நின்றால் முதலில் அணைவது மூளைதான்.

பிறவியிலேயே இந்த ஜெனரேட்டர் பழுதாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. எம்.சி.ஏ.டி. குறைபாடு என்ற மரபணு நோயில், கொழுப்பை எரிக்கும் ஒரு என்சைம் வேலை செய்யாது. அவர்களுக்கும் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இதே ஆபத்து. ஒருவருக்கு மரபணு, இன்னொருவருக்கு நச்சு, ஆனால் அடைபடுவது ஒரே பாதை.

அப்போ குற்றவாளி லிச்சியா, பசியா?

இரண்டும் சேர்ந்துதான். நோயுற்ற 104 குழந்தைகளையும் நோயில்லாத 104 குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, முந்தைய 24 மணி நேரத்தில் லிச்சி சாப்பிட்டவர்களிடம் நோயின் வாய்ப்பு விகிதம் 9.6. இரவுச் சாப்பாட்டையும் கணக்கில் சேர்த்தால், சாப்பிட்ட குழந்தைகளில் லிச்சியின் தாக்கம் 3.6, சாப்பிடாதவர்களில் 7.8. ஒரு வேளைச் சோறு இந்த எண்ணைப் பாதிக்கும் கீழே இழுத்துவிடுகிறது.

இதனால்தான் பணக்கார வீட்டுக் குழந்தைகள் அதே லிச்சியைச் சாப்பிட்டும் நன்றாக இருந்தார்கள். தோப்பில் உதிர்ந்து கிடந்ததையும் காயாக இருந்ததையும் பகலெல்லாம் தின்றுவிட்டு, இரவு பசியோடு படுத்த பிள்ளைகள் விழுந்தார்கள்.

தீர்வு என்ன ஆனது?

வியக்கும் அளவுக்கு மலிவானது: குழந்தையை இரவில் சாப்பிடாமல் தூங்கவிடாதீர்கள், லிச்சியைக் குறைத்துக் கொடுங்கள், வலிப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவு பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுங்கள். 2013-ல் 44 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம், சர்க்கரையைச் சரிசெய்வதில் கவனம் கூடிய 2014-ல் 31 சதவீதமானது. அடுத்த சில ஆண்டுகளில் நோயாளிகளின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது.

பிறகு 2019 வந்தது. கடும் வெப்ப அலைக்கு நடுவே பிகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். லிச்சி மட்டுமே காரணமா, வெயிலுக்கும் பங்கு உண்டா என்ற விவாதம் மீண்டும் எழுந்தது. லிச்சி விவசாயிகளும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் ஊட்டச்சத்துக் குறைவும், கைக்கெட்டாத முதலுதவியும்தான் உயிரைப் பறித்தன என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

* நன்றாகச் சாப்பிடும் குழந்தைக்கு, உணவுக்குப் பிறகு சில பழுத்த லிச்சிகள் தருவதால் பயமில்லை. காயும் கொட்டையும் வேண்டாம். வெறும் வயிற்றில் வேண்டாம்.
* எந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.
* மருத்துவமனையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "சுகர் பார்த்தாச்சா?" குளுக்கோமீட்டருக்கு ஒரு சொட்டு ரத்தமும் சில நொடிகளும் போதும்.
* நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம்.

அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், "லிச்சி விஷம்" என்ற வரிக்குக் கீழே இதையும் சேர்த்து அனுப்புங்கள்: "ராத்திரி பிள்ளை சாப்பிட்டுத் தூங்கியதா என்று பாருங்கள்."