குடுவையில் பிடித்த காற்று

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ‘மாதிரி எடுப்பது’ என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாளியில் இருக்கும் பால் முழுவதையும் எவரும் உலர்த்திப் பார்ப்பதில்லை. சிறிதளவு எடுத்து, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்து, மொத்தத்துக்கும் கணக்குப் போடுவார்கள். எடுக்கும் முன் வாளியை நன்றாகக் கலக்காவிட்டாலும், மங்கில் மழைநீர் சேர்ந்திருந்தாலும் கணக்கு மாறும், சம்பளமும் மாறும். பால் நிறுக்கும் இடத்தில் இதற்காக எழுந்த வாக்குவாதங்களை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

காற்றை அளக்க முயன்ற விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான் இருந்தது.

காற்றில் கரியமில வாயு மிகச் சிறிய பங்குதான். ஆனால் மரம் வளர்வது அதை உண்டுதான். பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதும் அதுதான். அது கூடுகிறதா, இல்லையா? 1950களின் நடுவில்கூட இதற்கு உறுதியான விடை இல்லை. ஐரோப்பாவின் வடநாடுகளில் பல இடங்களில் அளந்தார்கள். இன்று ஒரு கணக்கு, நாளை வேறு கணக்கு என்று வந்தது. காற்றின் இயல்பே அப்படித்தான் என்று பலர் நினைத்தார்கள்.

சார்ல்ஸ் டேவிட் கீலிங் என்ற அமெரிக்க இளைஞர் அப்படி விட்டுவிடவில்லை. 1955-இல் கலிபோர்னியாக் காடுகளில், உள்ளே காற்றே இல்லாதபடி வெறுமையாக்கிய கண்ணாடிக் குடுவைகளுடன் தங்கினார். இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை குடுவையைத் திறந்து காற்றைப் பிடித்தார். இரவில் மண்ணும் மரமும் விடும் மூச்சு தேங்கி அளவு ஏறியது. பிற்பகலில் காற்று நன்றாகக் கலந்த பிறகோ, எங்கே எடுத்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு, பத்து லட்சம் பங்குக்கு 310 பங்கு. வாளியைக் கலக்கிவிட்டு மாதிரி எடுப்பது போன்றதுதான் இது. 1958 மார்ச்சில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அவருடைய கருவி தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது கிடைத்த முதல் எண் 313. 2024-இல் அதே மலையில் ஆண்டுச் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது.

குடுவையைத் திறப்பவர் காற்று வரும் திசையை நோக்கி நிற்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நாம் வெளியே விடும் மூச்சில் பத்து லட்சத்துக்குச் சுமார் 40,000 பங்கு கரியமில வாயு இருக்கிறது. ஒரு லிட்டர் குடுவைக்குள் ஒரே ஒரு மில்லிலிட்டர் மூச்சு நுழைந்தால் போதும். கணக்கில் 40 பங்கு கூடிவிடும். உலகம் முழுவதும் எரித்த எண்ணெயும் நிலக்கரியும் அந்த 40 பங்கைக் கூட்ட, 2008 முதல் 2024 வரை ஆயிற்று!

அடுத்தது ஈரம். நம் நாட்டுப் புழுக்கத்தில் காற்றில் நூற்றுக்கு 3 பங்கு நீராவி இருப்பது சாதாரணம். அதை நீக்காமல் அளந்தால் 424 என்பது 411 ஆகக் குறைந்து தெரியும். பாலில் மழைநீர் கலந்த கதையேதான். அதனால் காற்றைக் குளிரவைத்து உலர்த்திய பிறகு அளக்கிறார்கள். குடுவைகளை இரண்டிரண்டாக நிரப்புகிறார்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த மாதிரியை நம்புவதில்லை. நாம் பாடுபட்டு எடுத்த ரப்பர் இந்த வேலைக்கு அவ்வளவாக உதவாது என்பது ஒரு வேடிக்கை. கரியமில வாயு ரப்பர்க் குழாயின் சுவரை ஊடுருவிப் போய்விடும்.

இந்த வேலை நமது நெகிரி செம்பிலானிலும் நடந்திருக்கிறது. சிம்பாங் பெர்த்தாங் வட்டாரத்தில், மூன்று பக்கம் செம்பனை சூழ நிற்பது பாசோ காடு. 1970களின் தொடக்கத்தில் மலேசிய, பிரிட்டிஷ், ஜப்பானிய ஆய்வாளர்கள் அங்கே கூடி, அந்தக் காடு எவ்வளவு வளர்கிறது என்று ஆராய்ந்தார்கள். ஆவோக்கி, யாபுகி, கோயாமா என்ற மூன்று ஜப்பானியர் அக்காட்டின் காற்றையும் அதன் வளர்ச்சியையும் பற்றி 1975-இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

பின்னர் 52 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியில், 2003 முதல், குடுவையே இல்லாத கருவி வேலை செய்தது. வீசும் காற்றின் ஊடே ஒளியைச் செலுத்தி, வினாடிக்குப் பத்து முறை அளப்பது அது. காற்றைப் பிடித்து அடைக்காததால் குடுவையால் வரும் கெடுதல் இல்லை. ஆனால் மழைத்துளி அதன் கண்ணாடியில் பட்டால் அந்த நேரத்துக் கணக்கு போயிற்று. தீபகற்பத்தில் மழை குறைந்த இடங்களில் ஒன்றாகப் பாசோ இருந்தும் இந்தத் தொல்லை தீரவில்லை.

இன்னொரு குழப்பமும் வந்தது. இரவில் காற்று அசையாது நிற்பதால், காடு விட்ட மூச்சு மரங்களுக்கு அடியிலேயே தேங்கிவிடும். உச்சிக் கருவிக்கு எட்டாது. அதை மட்டும் நம்பினால் காடு இரவில் மூச்சே விடவில்லை என்றாகிவிடும். காடு சேர்த்து வைக்கும் கரியும் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். ஆகையால் தரையிலிருந்து உச்சிவரை பல உயரங்களில் குழாய் வைத்து, தேங்கிய காற்றையும் உறிஞ்சி அளந்து கணக்கில் சேர்த்தார்கள். பெரட்டுக்குப் போகும் வேளையில் மரங்களுக்கிடையே அசையாது நின்ற அந்தக் குளிர்காற்றை நம்மவர்கள் அறிவார்கள். வெயில் ஏறியதும் அது கலைந்து மேலே போகும். உச்சியிலிருக்கும் கருவி அப்போதுதான் அதைப் பார்க்கும்.