வெள்வேல்

வெள்வேல் தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் வளரும் முள்மரம். வெல்லச் சாராயம் காய்ச்சுவதில் இதன் பட்டைக்கு நெடுங்காலமாகத் தனியிடம் உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மேய்ச்சல் புறம்போக்குகளிலும் ஓடைக்கரைகளிலும் வளரும். வெண்சாம்பல் பட்டையும், கிளை நுனிகளில் கொத்துக்கொத்தாக மலரும் வெளிர்மஞ்சள் உருண்டைப் பூக்களும் இதைக் கருவேலிலிருந்து பிரித்துக் காட்டும். கருவேலின் பட்டை கறுத்திருக்கும். பூ பளிச்சென்ற மஞ்சள்.

இம்மரத்தை முதலில் அறிவியல் முறைப்படி விவரித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க். சாமல்கோட்டையில் இருந்தபோது உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு அவர் வரையச் செய்த சோழமண்டலக் கரைத் தாவரப் படங்கள், 1795 முதல் 1820 வரை லண்டனில் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தன. அவர் இட்ட பெயர் மைமோசா லியூகோஃபிளோயா. 1806இல் ஜெர்மன் தாவரவியலாளர் வில்டெனோ இதை அக்கேசியா பேரினத்தில் சேர்த்தார். அப்பெயர் இரு நூற்றாண்டு நிலைத்தது. அந்தப் பேரினத்துக்கே மாதிரி இனமாக இருந்தது கருவேல்தான். ஆனால் 2005 வியன்னா தாவரவியல் மாநாடு அப்பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்துவிட்டது. 2011 மெல்பர்ன் மாநாடு அதை உறுதிசெய்தது. அங்கே இனங்கள் எண்ணிக்கையில் மிகுதி என்பதற்காக மூத்த மரத்தின் பெயரைப் பறித்தது முறையன்று. வெள்வேலின் இன்றைய பெயர் வாச்செல்லியா லியூகோஃபிளோயா.

உரித்த பட்டையை இடித்து, வெல்லம் கரைத்த நீரில் போட்டுப் பானையின் வாயை மூடிவைப்பார்கள். நுரைத்துப் புளிக்கும் இக்கலவைக்கு ஊறல் என்று பெயர். பட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள், கலவையிலுள்ள புரதங்களைத் திரட்டி அடியில் படியவைக்கும். ஊறலைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து இறக்குவது பட்டைச் சாராயம். பியர் வடிப்பில் ஹாப் பூவின் டானின் செய்வதும் புரதங்களைப் படியவைக்கும் இதே வேலைதான். ஆனால் செக் நாட்டின் சாட்ஸ் போன்ற ஹாப் வகைகளுக்கு மதிப்பு அவற்றின் நறுமண எண்ணெயால் வருவது. வெள்வேலம்பட்டைக்கு மதிப்பு துவர்ப்பால். கோடையில் நீண்ட பகல் கேட்கும் ஹாப் கொடி தமிழகத்துக்கு ஒத்துவராது. இந்தியாவில் அது லாஹௌல் போன்ற இமயப் பள்ளத்தாக்குகளில் பயிரானது.

பஞ்ச காலத்தில் உட்பட்டையை மாவோடு கலந்து உண்டதும், நாரில் வலையும் கயிறும் முறுக்கியதும் உண்டு. கொங்கு நாட்டில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களில் இம்மரம் கொழுக்கட்டைப்புல்லோடு வளர்ந்து, காங்கேயம் மாடுகளுக்கு நிழல் தருகிறது. நெற்றுகளை ஆடுகள் விரும்பித் தின்னும்.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபின், பட்டைச் சாராயம் பெரிதும் கள்ளச்சாராயமாகவே காய்ச்சப்பட்டது. சீமைக்கருவேல் அடர்ந்த புறம்போக்குகளில் இம்மரம் இன்று அருகிவிட்டது.