திறவாச் சாளரம்

காலதர் என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழியையே வீட்டின் சாளரத்துக்குப் பெயராக வைத்த நம் முன்னோரைப் போலவே, வடகடலோடிகளான ஸ்காண்டிநேவியரும் அதைக் 'காற்றின் கண்' என்றார்கள். அச்சொல் மருவி வந்ததே ஆங்கிலேயரின் 'விண்டோ'. இன்று நாம் வழங்கும் ஜன்னல் என்ற சொல்லோ போர்த்துக்கீசியரின் 'ஜனேலா'விலிருந்து பிறந்தது. அதாவது, மிளகு வாங்க வந்த கப்பல்களிலிருந்து நம் கரையில் இறங்கிய சொல். கப்பலில் வந்த சொல்லாக இருந்தும், பாய்மரக் கலங்களில் காணும் ஜன்னல்களில் பல காற்றுக்கு இம்மியும் வழி விடாமல், கீலும் தாழும் இன்றி, சட்டத்தோடு சட்டமாக அறையப்பட்டவை என்பது ஒரு வேடிக்கை. ஆங்கில மாலுமிகள் இதை உணர்ந்துதானோ என்னவோ, கப்பலின் ஜன்னலை 'லைட்' என்றே, அதாவது ஒளி என்றே, சொல்லிவந்தார்கள். திறவாததை 'டெட்லைட்' என்றார்கள். அந்தத் திறவாச் சாளரம் விரிசல் கண்டால் அதைக் கழற்றி வேறொன்று பொருத்துவது இன்று சொந்தப் படகு வைத்திருக்கும் எவருக்கும் ஏதோ ஒரு வேனிலில் வந்து சேரும் வேலைதான். ஆனால் அந்தச் சிறு வேலைக்குப் பின்னால் நானூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது.

ஆதியில் கப்பலுக்கு ஜன்னல் கிடையாது. பக்கங்களில் துளை இட்டார்கள் என்றால் அது துடுப்புக்காக, பிற்காலத்தில் பீரங்கிக்காக, வெளிச்சத்துக்காக அன்று. 1545-இல் இங்கிலாந்தின் தென்கரையில், எட்டாம் ஹென்றி மன்னரின் கண்ணெதிரிலேயே 'மேரி ரோஸ்' என்ற போர்க்கப்பல் சாய்ந்து மூழ்கியபோது, திறந்து கிடந்த பீரங்கி வாயில்களின் வழியாகவே கடல் உள்ளே புகுந்தது. கலத்தின் பக்கத்தில் ஒரு துவாரம் என்பது எத்தனை பெரிய துணிச்சல் என்பதைக் கப்பல் தச்சர்கள் அதற்கு முன்னும் அறிந்திருந்தார்கள், பின்னும் மறக்கவில்லை. ஆகவே கண்ணாடி முதலில் ஏறியது கப்பலின் அமரத்தில்தான். அலையை எதிர்கொள்ளும் அணியத்திலும் அல்ல, பீரங்கி வரிசை நிற்கும் பக்கங்களிலும் அல்ல, தலைவனின் அறை அமைந்த பின்புறத்தில், நீர்மட்டத்துக்கு வெகு உயரே. அங்கே அது ஒளிக்கு மட்டுமன்றி அந்தஸ்துக்கும் உபயோகப்பட்டது. தங்கமுலாம் பூசிய சிற்பங்களுக்கு நடுவே வரிசை வரிசையாகக் கண்ணாடி மின்ன, மிதக்கும் அரண்மனை போல் ஒரு கப்பல் துறைமுகத்தை விட்டுச் செல்லும்போது கரையில் நிற்பவர்கள் கடைசியாகப் பார்ப்பது அந்த ஜன்னல்களையே.

அக்காலத்துக் கண்ணாடிக்கும் கப்பலுக்கும் இன்னொரு விதமான உறவும் இருந்தது; அது பங்காளிப் பகை. இரண்டுக்கும் காடு வேண்டும். கண்ணாடி உலைகள் விறகை விழுங்க, கப்பற்பட்டறைகள் ஓக் மரத்துக்கு ஏங்கின. 1615-இல் இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ், இனிக் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கலாகாது, நிலக்கரியே எரிக்கவேண்டும் என்று பிரகடனம் செய்தார். அந்தப் புதுமுறைத் தொழிலின் ஏகபோக உரிமை சர் ராபர்ட் மான்ஸெல் என்பவர் கைக்குப் போயிற்று. அவர் யார் என்றால், கடற்படைத் தளபதி! கப்பலுக்கு மரத்தை மிச்சப்படுத்தப் பிறந்த ஓர் உத்தரவு, கண்ணாடித் தொழிலையே நிலக்கரி வெப்பத்துக்கு மாற்றி, அதன் பயனாக உறுதியான கண்ணாடிக்கும் வழிகோலிற்று என்பது, காரியங்கள் ஒன்றைக் கருதி வேறொன்றை விளைவிக்கும் விசித்திரத்துக்கு நல்ல உதாரணம்.

ஆயினும் அந்தக் கண்ணாடி நம் காலத்துக் கண்ணாடி அல்ல. குழலால் ஊதி, சுழற்றித் தட்டாக விரித்து, அதிலிருந்து சிறு சிறு வில்லைகளாக நறுக்கி எடுத்ததாகையால், மரச்சட்டங்களை நெருக்கி வைத்துக் கட்டம் கட்டமாகத்தான் பொருத்த முடிந்தது. ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் குழைத்த மக்கே அதைப் பிடித்து நிறுத்தியது. பீரங்கி முழங்கினால் அதிர்ச்சியிலேயே வில்லைகள் விண்டுபோகும். ருஷ்யர்கள் இதற்காகவே தங்கள் போர்க்கப்பல்களில் அப்பிரகத் தகடுகளைப் பொருத்தினார்கள். மஸ்கோவி தேசத்துக் கண்ணாடி என்று ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்ற அந்த அப்பிரகத்துக்கு இன்றும் தாதுநூலில் மஸ்கோவைட் என்றே பெயர். பிளவுபடும், வளையும், ஆனால் சிதறாது. பின்னால் வரப்போகும் ஒரு பொருளுக்கு இது முன்னோடி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

போர்ட்ஸ்மத் துறையில் இன்றும் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கும் 'விக்டரி' என்ற பழைய ஆங்கிலப் போர்க்கப்பலில் கண்ணாடியின் இரு முகங்களையும் காணலாம். அடித்தட்டில் வெடிமருந்து அறை. அங்கே சுடரோடு எவனும் நுழையலாகாது. ஆகவே பக்கத்தில் ஒரு சிற்றறை அமைத்து, அதில் விளக்கை வைத்து, நடுவே திறவாக் கண்ணாடி ஒன்றைப் பதித்து, அதன் வழியே வரும் ஒளியில் மருந்துப் பொட்டலங்களைக் கையாண்டார்கள். ஒரு கண்ணாடி வில்லை உடைந்தால் கப்பலே இல்லை என்ற நிலையில் எண்ணூறுக்கு மேற்பட்ட மனிதர்கள் அதன் மேல்தளங்களில் உண்டு உறங்கினார்கள். இன்னொரு முகம் அமரத்து ஜன்னல். 1805-ஆம் வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி டிரஃபால்கர் முனைக்கு அருகே நடந்த கடற்போரில், 'விக்டரி' பிரெஞ்சுத் தளபதியின் 'பூசாந்தர்' கப்பலின் பின்புறமாக மெல்லக் கடந்து சென்றபோது, தன் முகப்பில் இருந்த 68 பவுண்டுப் பீரங்கியில் ஒரு குண்டோடு ஐந்நூறு துப்பாக்கி ரவைகள் அடைத்த பீப்பாயையும் சேர்த்து, அந்தக் கப்பலின் அமரத்து ஜன்னல்களின் வழியே செலுத்திற்று. பக்கவாட்டில் இரண்டடி கனமுள்ள மரம்; பின்புறத்திலோ வெறும் கண்ணாடி. முகப்பு முதல் பின்கோடி வரை அந்தக் குண்டுகளைத் தடுக்க ஒரு சுவரும் இல்லை. அழகுக்காக வைத்த இடமே உயிர்நிலையாயிற்று.

கப்பலின் வயிற்றுக்குள் வாழ்ந்த சாமானியருக்கு ஒளி வந்த கதை வேறு. 1807-இல் லண்டன் கண்ணாடி வியாபாரி ஆப்ஸ்லி பெல்லட் என்பவர், மேல்தளத்துப் பலகையில் துளையிட்டுப் பதிக்கும் கனத்த கண்ணாடிக் கட்டி ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மேலே தளத்தோடு சமமாய், காலில் இடறாதபடி தட்டையாக இருக்கும். கீழே கூம்பாகவோ பட்டை தீட்டியதாகவோ தொங்கி, மேலிருந்து விழும் சூரிய வெளிச்சத்தை அறை முழுதும் சிதறடிக்கும். எண்ணெய் விளக்கின் புகையும் தீ அபாயமும் குறைந்தன. இரவில் தளத்தில் நிற்பவன் அந்தக் கட்டி செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டால் கீழே நெருப்பு என்று அறிந்துகொள்வான். 1841-இல் நீரில் இறங்கி, இன்று அமெரிக்காவின் மிஸ்டிக் துறையில் நிற்கும் 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் அத்தகைய கட்டி உண்டு. அதைப் பார்த்து வார்த்த பிரதிகளை இப்போது மேஜைமேல் காகிதம் பறக்காமல் வைக்க வாங்கிப் போகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் கப்பலின் கதை படகின் கதையாகச் சுருங்குகிறது. வியாபாரத்துக்கும் போருக்கும் நீராவி வந்தபின், பாய் என்பது உல்லாசப் பிரயாணிகளின் சொத்தாயிற்று; இருபத்தைந்து முப்பது அடிப் படகில் மனைவி மக்களோடு மகாசமுத்திரம் தாண்டத் துணிந்தவர்கள், உள்ளே நிமிர்ந்து நிற்கவும் வெளியே பார்க்கவும் ஆசைப்பட்டார்கள். தளத்தின்மேல் கூடம் உயர்ந்தது. கூடத்தின் பக்கங்களில் நீண்ட ஜன்னல்கள் வந்தன. அவற்றின் பலவீனத்தை உலகுக்குக் காட்டியது 1950-இல் ஹம்ஃப்ரி பார்ட்டன் செய்த பிரயாணம். இருபத்தைந்து அடியே நீளமுள்ள 'வெர்ச்யூ 35' என்ற படகில் ஒரே துணையோடு இங்கிலாந்திலிருந்து நியூயார்க்குக்கு நாற்பத்தேழு நாளில் போய்ச் சேர்ந்த அவர், வழியில் கடும்புயலில் சிக்கினார். பேரலை ஒன்று படகை ஒரு பக்கமாகத் தூக்கி எறிந்தது. உடைந்தது எந்த ஜன்னல் என்று கேட்டால், அலை மோதிய பக்கத்து ஜன்னல் அல்ல, எதிர்ப்பக்கத்து ஜன்னல்! அலையின் உச்சியிலிருந்து பள்ளத்துக்குள் விழும் படகு, கல்தரையில் விழுவதுபோல் நீர்ப்பரப்பின்மேல் விழுகிறது. விழுந்த பக்கம்தான் நொறுங்கும். அடி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு முதுகில் விழும் அடி இது.

1957 பிப்ரவரியில் தென் பசிபிக்கில் ஸ்மீட்டன் தம்பதியரின் 'சூ ஹாங்' என்ற பாய்ப்படகு தலைகுப்புற விழுந்தபோது ஜன்னல் மட்டுமா போயிற்று? ஜன்னல் பதித்த கூடமே அடியோடு பெயர்ந்து போய், தளத்தில் ஆள் இறங்கும் அளவு பெருந்துளை வாய்பிளந்து நின்றது. பாய்மரங்கள் இரண்டும் முறிந்தன. உடன் சென்ற ஜான் கஸ்வெல் என்பவர் தச்சுவேலையில் தேர்ந்தவராக இருந்தது அவர்கள் பாக்கியம்; கையில் கிடைத்த பலகையாலும் பாய்த்துணியாலும் துளையை மூடி, ஒட்டுப் பாய்மரம் நாட்டிச் சிலி தேசத்துக் கரை சேர்ந்தார்கள்.

இதற்கிடையே கண்ணாடியே மாறிவிட்டது. 1930-களில் ஜெர்மனியில் ஆட்டோ ரோமின் தொழிற்சாலையிலிருந்து பிளெக்ஸிகிளாஸும், இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. ரசாயனிகளின் கையிலிருந்து பெர்ஸ்பெக்ஸும் வெளிவந்தன; இரண்டும் ஒன்றே, அக்ரிலிக். கண்ணாடியின் எடையில் பாதி, அதைவிடத் தெளிவு, எளிதில் சிதறாத குணம். யுத்தவிமானங்களின் கூண்டுகளுக்கு அதுவே உகந்ததாயிற்று. விமானிகளின் கண்ணில் தெறித்த அதன் துணுக்குகள் புண்ணாக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், 1949-இல் லண்டனில், புரை நீக்கிய கண்ணுக்குள் அதே பொருளாலான வில்லையை முதன்முதலாக வைத்தார். 1992-இல் மதுரையில் ஆரோலாப் நிறுவனம் அந்த வில்லைகளை மலிவாகச் செய்யத் தொடங்கிய பிறகு நம்மூர்க் கிழவிகள் பலர் பேரன் முகம் பார்ப்பதும், அட்லாண்டிக்கில் ஒரு மாலுமி அடிவானம் பார்ப்பதும் ஒரே பொருளின் வழியாக என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

யுத்தத்துக்குப் பின், கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு அச்சில் வார்த்த படகுகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது, அவற்றின் ஜன்னல்களுக்கும் அக்ரிலிக்கே அமைந்தது. இங்கேதான் விரிசலின் கதை ஆரம்பமாகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள அக்ரிலிக் தகடு, உஷ்ணம் முப்பது பாகை ஏறினால் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீள்கிறது. அதைத் தாங்கும் படகின் சுவர் அத்தனை நீள்வதில்லை. நடுப்பகலில் நீண்டு, நள்ளிரவில் சுருங்கி, மூச்சு விடுவதுபோல் அசையும் அப்பொருளை, அசையாதபடி இருபது திருகாணிகளால் இறுக்கிவிட்டு, ஒழுகவில்லை என்று மகிழ்ந்த கட்டுவோரின் அவசரத்தைத்தான் முப்பது வருஷம் கழித்து உடையவர்கள் அனுபவிக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணித் துளையிலிருந்தும் நட்சத்திரம்போல் கீறல் ஓடும். வெயில் ஒரு பக்கம் அரிக்க, பளபளப்புக்காக யாரோ சாராயமோ அம்மோனியா கலந்த திரவமோ கொண்டு துடைத்தது மறுபக்கம் அரிக்க, சிலந்திவலை போன்ற நுண்வெடிப்பு முகம் முழுதும் படர்ந்து, கடைசியில் வெளிச்சம் வருமே தவிர உருவம் தெரியாது. ஜன்னலுக்கு வரும் கண்புரை என்றே சொல்லலாம்.

மாற்றும் வித்தையில் தேர்ந்தவர்கள் அவசரப்படுவதில்லை. பழைய தகட்டை உடைக்காமல் எடுப்பதே பாதி வேலை. புதியதை வெட்ட அதுவே அச்சு. கூர்மையான உலோகத் துளையாணி அக்ரிலிக்கைக் கடித்துப் பிளக்குமாகையால், அதன் முனையைச் சற்று மழுக்கி, மெதுவாகச் சுழற்றித் துளையிடுகிறார்கள். துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். தலை கூம்பிய திருகாணி ஆப்பாக இறங்கிப் பிளக்குமாகையால் தட்டைத் தலையே தேவை. முன்பிருந்த சிலிக்கோன் பசையின் எச்சம் ஒரு பொட்டு இருந்தாலும் புதுப்பசை அதன்மேல் ஒட்டாது. அதைச் சுரண்டியே ஒருநாள் போகும். பிறகு வருவதுதான் நுட்பம்: பசையை வைத்து முழுதும் இறுக்கிவிட்டால் அது பிதுங்கி வெளியேறி, காகித கனமே மிஞ்சும், ஆகவே இடையே சிறு தடுக்குகள் வைத்து, சில மில்லிமீட்டர் கனம் நிற்கும்படி மெல்லப் பதித்து, உலர்ந்து ரப்பராகும் வரை காத்திருக்கிறார்கள். சிலர் திருகாணியே வேண்டாம், பசை ஒன்றே போதும் என்பார்கள். சிலர் அக்ரிலிக்கே வேண்டாம், 1953-இல் பிறந்த பாலிகார்பனேட்டைச் சம்மட்டியால் அடித்தாலும் உடையாதே என்பார்கள். உடையாது, உண்மைதான், கைக்குட்டையால் துடைத்தாலே கீறல் விழுமே, வெயிலில் மஞ்சளிக்குமே, அதற்கு என்ன சொல்வது?

எத்தனை உறுதியாகப் பொருத்தினாலும் மகாசமுத்திரம் போகிறவர்கள், புயலின்போது அமரத்து ஜன்னலுக்குப் பலகை போட்ட பழைய வழக்கத்தை விடவில்லை. இரண்டு சதுர அடிக்கு மேற்பட்ட ஜன்னலுக்குப் புயல்மூடி எடுத்துச்செல்லவேண்டும் என்று கடலோட்டப் பந்தயங்களின் விதியே சொன்னதுண்டு. கழற்றிய பழைய தகடும் கூடவே போகும். ஏனென்றால் கையால் முடித்த படகுகளில் வலப்பக்கத்துச் சட்டமும் இடப்பக்கத்துச் சட்டமும் ஒரு மயிரிழையாவது வேறுபடும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் அந்த வெடித்த தகட்டின்மேல் 'இடம்' என்றோ 'வலம்' என்றோ எழுதி, அணியம் எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் இட்டு, படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டியில் படுக்கவைத்து விடுகிறார்கள்.